சுவரடியில் ஒரு காற்றுத்துளை

தில்லி லோதி ரோடு பக்கத்து கிளப் ஒன்றில் நீச்சல்குளத்தின் கேஸ் ஹீட்டரைப் பார்த்துக்கொள்பவர் மணவாளன். அங்கே அவரோடு தமிழ் பேசும் ஒரே ஆள் காவலாளி செல்வம். ஜனவரிக் குளிரில் தினமும் டீயோடு ஹீட்டர் அறைக்கு வருவான். வந்ததும் சுவரடியிலுள்ள காற்றுத்துளையைச் சாக்கால் அடைப்பான். மணவாளன் அதை உருவிவிடுவார்.

“குளிர் தாங்கலண்ணே. புகை போக மேலதான் குழாய் இருக்கே?”

“கீழ காத்து வரலன்னா புகை மேல போகாதுடா. உள்ளயே நிக்கும். வாசனைகூட வராது, உக்காந்தபடியே போயிடுவோம்.”

“அச்சா. உங்க ரூமுக்கு பஸ் ஸ்டாப்பே தேவலை.”

மறுநாளிலிருந்து அவன் கேன்டீன் அடுப்பருகே உட்கார்ந்துகொண்டான். மணவாளன் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு துளையருகே கையை வைத்துப் பார்த்தார். காற்று நன்றாகவே வந்தது. அன்று முழுவதும் அவர் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை.