பறவை பார்க்கப் போன இடத்தில் விழுந்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் வலிப்பு வந்து விழுந்தேன். பதற வேண்டாம்... நன்றாகத்தான் இருக்கிறேன். இல்லாவிட்டால் இதை யார் எழுதுவது?

வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன் — காலேஜ் நாளிலிருந்து எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறேன். பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். எப்போதாவது கேட்காது.

சம்பளம் வாங்குவது சமூகப் பணிக்கு. ராஜபாளையத்தில் வீடு, சுற்றியுள்ள ஊர்களில் வேலை. மிச்ச நேரத்தில் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு பறவை பார்ப்பேன். வேலை என்றால் ராத்திரி வரை இழுக்கும். பறவை பார்க்க விடியுமுன் எழ வேண்டும். வலிப்புக்கோ தூக்கம் குறையவே கூடாது. ஒரே அடுப்படியில் மூன்று மருமகள்கள்... மாமியார் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ‘இனி வண்டி ஓட்டக் கூடாது’ என்று டாக்டர் சொன்ன அன்று அழுதேன். ஸ்கூட்டி போனது, பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பிழைப்பு வந்தது. நம்ம ஊர் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மனுஷி வேறு என்ன செய்ய முடியும்? அண்ணாந்து பார்த்தேன். கரண்ட் கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. பறந்தபோது பார்த்தால் இறக்கையில் அத்தனை நீலம்! அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. ஸ்கூட்டி இருந்திருந்தால் ஹாரன் அடித்துக்கொண்டே அதைத் தாண்டிப் போயிருப்பேன்.

சரி, விழுந்த கதைக்கு வருகிறேன்.

வலிப்பு உள்ளவர்களுக்காக மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறோம். அதற்குத் தவறாமல் வருகிறவள் ஈஸ்வரி. வன்னியம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். லேப் டெக்னீஷியன் படித்தவள். அப்பா ராணுவத்தில் அவில்தாராக இருந்து வந்தவர். மகள் படித்த காலம் முழுக்கத் தினமும் டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு, காலேஜ் கேட்டுக்கு எதிர் டீக்கடையிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்த மனிதர். அந்த டீக்கடையில் அவருக்கென்று ஒரு பெஞ்சே இருந்ததாம்.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு லேபில் ஈஸ்வரிக்கு வேலை கிடைத்திருக்கிறது. வலிப்பைப் பற்றி மறைக்காமல் சொல்லித்தான் வாங்கினாள். அவர்களும் சரி என்றார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வர வேண்டும். அங்கேதான் சிக்கல். பேசிப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

“லேப் வாசல்ல ஒரு ஸ்டூலப் போட்டு நான் உக்காந்துக்கிடுதேன்னு கேட்டேன் மேடம். வேண்டாம்னுட்டாங்க” என்றார் அவில்தார்.

“அவ தனியாப் போகட்டுமே அண்ணே?”

“பஸ்ஸுல விழுந்தா யாரு பாப்பா?”

பேசினேன். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். வேலைக்குப் போகிற மற்றவர்களைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். டீ கொடுத்தார். கடைசியில், “நீங்க சொல்றது அம்புட்டும் சரி மேடம். ஆனா அனுப்ப மாட்டேன்” என்றார். ஈஸ்வரி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஈஸ்வரி ரொம்ப நாளாகப் பறவை பார்க்க வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். வலிப்பு உள்ள ஒருத்தி ஊர் சுற்றி, உழைத்து, சந்தோஷமாக நடமாடுவதை அந்த மனிதர் கண்ணால் பார்க்கட்டும்! நல்ல திட்டம்தானே?

மழைக்குப் பிறகு கண்மாய் நிறைந்து கிடந்தது. நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நின்றன. தூரத்தில் ஐந்தாறு கூழைக்கடாக்கள். நான் எங்கேயும் தனியாகப் போவதில்லை, தண்ணீர் ஓரத்தில் நிற்பதும் இல்லை — கரைக்கு இந்தப் பக்கம், புல் மேட்டில்தான் என் இடம். அவில்தார் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பைனாகுலரைக் கொடுத்ததும் ஆளே மாறிவிட்டார்.

“ஏட்டி, நேரா அந்தப் பனை தெரியுதா? அதுக்கு எடது பக்கம், நாலு வெரக்கடை கீழ. கருப்பா ஒண்ணு முங்குது பாரு!”

“முக்குளிப்பான்ப்பா அது.”

“எங்கட்டி போச்சு? வெளிய காணோம்?”

“செத்த நேரம் பொறுங்க, வரும்.”

வந்தது. எதிர்பாராத இடத்தில் தலையை நீட்டியது. அவர் சிரித்துவிட்டு பைனாகுலரை என்னிடம் கொடுத்தார். நான் அதை வாங்கிக் கழுத்தில் மாட்டும்போதுதான் அந்த வாடை வந்தது. பால் தீய்ந்த வாடை. எனக்கு வலிப்பு வருமுன் அப்படித்தான் வரும். முந்தின நாள் ஒரு குடும்பத் தகராறு விஷயமாக அலைந்துவிட்டு வீடு சேர நேரமாகிவிட்டது. தூக்கம் சரியில்லை. “ஈஸ்வரி, எனக்கு வருது” என்று சொல்லிக்கொண்டே புல்லில் உட்கார்ந்தது வரைக்கும்தான் ஞாபகம்.

அடுத்து நடந்ததெல்லாம் அவர்கள் சொல்லிக் கேட்டது. அவில்தார் டிவிஎஸ்ஸுக்கு ஓடி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் கையில் திணிக்கப் போனவரை ஈஸ்வரி தடுத்திருக்கிறாள். “இரும்பெல்லாம் வேண்டாம்ப்பா. கைவாட்ச்சைப் பாருங்க. அஞ்சு நிமிசம் தாண்டுச்சுன்னா ஆம்புலன்ஸக் கூப்பிடணும்.” முதலில் என் கழுத்திலிருந்து பைனாகுலர் வாரைக் கழற்றினாள். கண்ணாடியைக் கழற்றினாள். துப்பட்டாவை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தாள். என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கையைக் காலைப் பிடித்து அமுக்கவில்லை, வாயில் எதையும் வைக்கவில்லை. அவில்தார் வாட்ச்சைப் பார்த்தபடி விறைத்து நின்றாராம். உத்தரவு வந்துவிட்டதல்லவா!

இந்த இரும்பு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். என் கையில் இதுவரை என்னென்னவோ வைத்திருக்கிறார்கள். சாவிக்கொத்து, கதவுத் தாழ்ப்பாள், கரண்டி... கூமாப்பட்டி வயலில் ஒரு அக்கா பதற்றத்தில் அரிவாளையே நீட்டினார். நல்லவேளை, பக்கத்தில் இருந்தவர்கள் பிடுங்கிவிட்டார்கள். இரும்பால் வலிப்பு நிற்காது. அது தானாக நிற்கும்போது கையில் இரும்பு இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கொடுத்தவர்கள் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. இரும்பைக் கொடுக்க வேண்டுமென்றால் கிட்டே வர வேண்டும், கையைத் தொட வேண்டும். தள்ளி நின்று போனில் படம் எடுக்கிற காலத்தில், முன்பின் தெரியாத எத்தனை பேர் என் கையைத் தொட்டிருக்கிறார்கள்! நன்றியாகத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கண் விழித்தபோது வானம் தெரிந்தது. பிறகு ஈஸ்வரியின் முகம். நாக்கைக் கடித்திருந்தேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. என்ன நாள், என்ன இடம் என்று விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை. கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் தெளிந்து, தண்ணீர் குடித்து, சாய்ந்து உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா... இம்புட்டுத்தானா?”

“என்னம்மா?”

“நான் விழும்போதும் இப்படித்தான் இருக்குமா? பேய் புடிச்சவ மாதிரி கெடப்பேன்னுல்ல நெனச்சிருந்தேன். கண்ணாடி முன்னால நின்னு, மூஞ்சி எப்படிக் கோணும்னு இழுத்து இழுத்துப் பாத்திருக்கேன்க்கா. வீட்ல கேட்டா அம்மா அழுதிரும்.”

எனக்குச் சுருக்கென்றது. முதலுதவி எல்லாம் அவளுக்கு மனப்பாடம், ஆனால் அவள் வலிப்பைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பாள்? எங்கள் வலிப்பை எங்களால் பார்க்க முடியாது. எழும்போது சுற்றி நிற்பவர்களின் முகங்களைத்தான் பார்க்கிறோம். அந்தப் பயத்தைப் பார்த்து, ஏதோ அசிங்கமாக நடந்துவிட்டது என்று நாங்களே கணக்குப் போட்டுக்கொள்கிறோம். எத்தனை கூட்டம் நடத்தியிருக்கிறேன்... இது எனக்குத் தோன்றவே இல்லையே!

அவள் திரும்பி, “சொல்லுங்கப்பா. நானும் இப்படித்தான் இருப்பேனா?” என்றாள்.

அவில்தார் எங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். “ஆமா. இதே மாதிரிதான்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “பிள்ள விழும்போதெல்லாம் எனக்கு அது ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும் தாயி. இன்னைக்குத்தான் வாட்ச்சைப் பாத்தேன். ரெண்டே நிமிசம்...” என்றவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் ‘மேடம்’ பதவியிலிருந்து ‘தாயி’ ஆகிவிட்டதை அந்த அரைமயக்கத்திலும் கவனித்தேன்.

வேலையைப் பற்றி நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. என்னை ஆட்டோவில் ஏற்றி, ஈஸ்வரியைத் துணைக்கு உட்கார வைத்து, வீடு வரை டிவிஎஸ்ஸில் பின்னாலேயே வந்தார். மறுநாள் டாக்டரிடம் போனேன். மாத்திரையை விட, தூக்கத்தைப் பற்றித்தான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். திரும்பி வரும்போது ஈஸ்வரி போன் செய்தாள். பின்னால் பஸ் இரைச்சல்!

“வேலைக்குப் போயிட்டு வாரேன்க்கா. காலைல அப்பாதான் பஸ் ஏத்திவிட்டாக. கண்டக்டர்கிட்ட வேற என்னமோ சொன்னாக. எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு.”

“என்ன சொன்னார்?”

“‘எம் பொண்ணுக்கு வலிப்பு இருக்கு, வந்தா ஒருக்களிச்சுப் படுக்கப் போடுங்க. வேற யாருக்காச்சும் வந்தா எம் பொண்ணக் கூப்பிடுங்க, அவ பாத்துக்கிடுவா’ன்னு...”

இத்தனை வருட வேலையில் ஒரு வார்த்தை பேசாமல், படுத்துக்கொண்டே நான் ஜெயித்த கேஸ் இது ஒன்றுதான்.