ஏட்டையா கட்டிய வேப்பங்குழை

ரத வீதியில் நான் கீரை விற்கிற பக்கம் இனி வண்டி நிறுத்தக் கூடாதென்று மாநகராட்சி போர்டு வைத்தது. நானே அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். வண்டிக்காரர் ஒருவரும் படிக்கவில்லை. பைக்குகள் என் கூடையை மறைத்து நின்றன. கீரை விற்காமல் வாடியது.

அப்போதுதான் அந்தப் போக்குவரத்து ஏட்டையா வந்தார். ஒல்லியான ஆள், நரைத்த மீசை, வாயில் எந்நேரமும் வேப்பங்குச்சி. கழுத்தில் விசில் தொங்கும். ஊதி நான் பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் போர்டிலிருந்து விளக்குக் கம்பம்வரை கயிறு கட்டி, அதில் இலையும் கொத்துமாக வேப்பங்குழையைச் செருகினார். வந்தவர்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்று நினைத்து, வண்டியைப் பைய எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவன் செருப்பைக்கூடக் கழற்றினான்.

"எந்த அம்மனுக்கு ஏட்டையா கொடை?" என்று கேட்டேன்.

"கொடைன்னு நான் சொன்னேனா ஆச்சி? குழைதான கட்டியிருக்கேன்."

"சாமி பேர வச்சு ஏமாத்துதியளே."

"தேர் வார தெரு. சாமிக்கும் போக வழி வேணும்லா?"

அன்று மதியத்துக்குள் என் கூடை காலி.

அவர் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். கயிறும் இல்லை. ஆனாலும் இந்தப் பக்கம் யாரும் வண்டி நிறுத்துவதில்லை. போர்டுக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார்கள். காலையில் கூடையை இறக்கியதும் நானும் அதைக் கும்பிட்டுக்கொள்கிறேன். அவர் சாமி கும்பிடுகிறவர்தானா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.