பன்னிரண்டு அடுக்குகள்

அணையின் அடியில், இருநூற்றுப் பன்னிரண்டு படிகளுக்குக் கீழே, சுவரிலிருந்து கசியும் நீர் ஒரு சிறு வாய்க்காலில் ஓடும். அதன் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவது பதினொரு வருடமாகப் புஷ்தாவின் வேலை. ஒரு நாள் அவர், மறுநாள் உடன் வேலை பார்க்கும் இளைஞன் இத்தர். மூன்று நாள் தொடர்ந்து ஏறினால் நகரத்து இஞ்சினியருக்குச் சொல்ல வேண்டும். விதி அவ்வளவுதான்.

அந்த ரமலான் ஜூலை வெயிலில் வந்தது. புஷ்தா அளந்த நாளெல்லாம் நீர் கொஞ்சம் ஏறியிருக்கும். மறுநாள் இத்தரின் எண் இறங்கியிருக்கும். அதைப் பார்த்ததும் நெஞ்சு அடங்கும். அணைக்குக் கீழே ஆயித் சுலா கிராமத்தில் எழுபது வீடுகள். அதில் ஒன்றில் அவர் மகள் தூதா, கைக்குழந்தையோடு.

இருபத்து நான்காம் நோன்பன்று பிற்பகல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏரியில் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது கசிவு ஏன் ஏறவேண்டும்? இருபத்து நான்கு எண்களையும் சீட்டுகளில் எழுதி, பின்பக்கம் தேதி போட்டார். தனியாகச் சீட்டாடிப் பழகிய கை. தேதி வரிசையில் ஒவ்வோர் எண்ணையும், அதற்குச் சமமாகவோ பெரிதாகவோ ஓர் எண் மேலே இருக்கும் அடுக்குகளில் இடமிருந்து முதலாவதில் வைப்பார். அப்படி அடுக்கு இல்லையென்றால் வலப்பக்கம் புதிதாகத் தொடங்குவார். இடையில் சிலவற்றை விட்டு, வரிசை கலையாமல் பொறுக்கினால் கிடைக்கும் மிக நீளமான ஏற்றம் எத்தனை நாளோ, அத்தனை அடுக்கு வரும். மற்ற மாதங்களில் ஏழு, மிஞ்சினால் எட்டு.

அன்று பன்னிரண்டு வந்தது.

ஒவ்வோர் அடுக்கின் அடிச்சீட்டையும் திருப்பித் தேதி பார்த்தார். பன்னிரண்டும் அவருடைய நாட்கள். இத்தரின் எண் ஒன்றுகூடப் புதிய அடுக்கைத் தொடங்கவில்லை. உண்மையில் அளந்திருந்தால் சிலவாவது தொடங்கியிருக்கும்.

இத்தர் வாசல் நிழலில் படுத்திருந்தான்.

“டேய், எழுந்திரு. கீழே போனியா நீ?”

“போகாம? என்னண்ணே கேள்வி இது?”

“இந்த மாசம் ஒரு தடவையாவது போனியா?”

இத்தர் உதட்டை நக்கினான். “நோன்பு வாயோட அத்தனை படி ஏற முடியலண்ணே. உங்க முந்தின நாள் எண்ணுல ரெண்டு மூணு குறைச்சு எழுதினேன். ஏத்தி எழுதினா உங்களுக்குப் பயம் வருமேன்னு...”

“எனக்குப் பயம் வராம பாத்துக்கிட்டியா? நல்லாருக்குடா! டார்ச்சை எடு.”

இருவரும் இறங்கினார்கள். நூறாவது படியிலேயே சத்தம் கேட்டது. முன்பு சொட்டும் சத்தம். இப்போது ஓடும் சத்தம். நேற்று அவர் அளந்தபோது எழுபத்தைந்து இருந்த இடத்தில் தொண்ணூற்றொன்று. புஷ்தா கையை நீருக்குள் விட்டு எடுத்தார். விரலிடுக்கில் மண்.

“அண்ணே,” என்றான் இத்தர். “அணையை உள்ளேயே அரிக்குதா?”

ஏறி வந்து தொலைபேசியைப் பிடித்தபோது புஷ்தாவுக்கு மூச்சு முட்டியது.

“மூணு நாள் தொடர்ந்து ஏறிச்சா?” என்றார் இஞ்சினியர்.

“அந்தக் கணக்கு பொய், சார். நடுவுல பொய் எண் நிக்குது. அதை எடுத்துட்டா ஒரே ஏத்தம். தண்ணி கலங்கி வருது. கையில மண்ணு.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். “அடி மதகைத் திற, ஏரி இறங்கட்டும். ஊரை மேட்டுக்கு ஏத்து. நான் வர்றேன்.”

புஷ்தா மதகுச் சக்கரத்தைச் சுற்ற, இத்தர் பள்ளிவாசலுக்கு ஓடினான். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. மேலிருந்து பார்த்தால் மேட்டுப் பாதையில் ஆட்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். நோன்பு திறக்க வைத்திருந்த பானையைக்கூடச் சிலர் விடவில்லை. பாதை அணையருகே வளையும் இடத்தில் புஷ்தா ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

கடைசிக் கூட்டத்தில் தூதா வந்தாள். குழந்தையை முதுகில் கட்டியிருந்தாள். மூச்சு வாங்க நின்று கத்தினாள். “அப்பா! அணை நிக்குமா, நிக்காதா?”

“தெரியாதும்மா,” என்றார் புஷ்தா. சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. “நிக்காம இன்னும் மேல ஏறு.”