அலையடிக்காத இடம்

தண்ணீரைப் பற்றி எனக்கு இன்னொருத்தர் சொல்லித் தர வேண்டியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், இருந்தாலும் உண்மை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய்க் கிணற்றுக்குள் இறங்கி மோட்டார் மாட்டிக் கொடுத்தவன் நான். இடுப்பில் கயிறு, வாயில் ஸ்பேனர். இன்றைக்குக் கோயமுத்தூரில் எனக்குச் சொந்தமாக ஒரு பம்புசெட் கம்பெனி இருக்கிறது. பெரிய படிப்புப் படித்த பையன்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்கிறார்கள். ஒரு கிணற்றை மேலே நின்று எட்டிப் பார்த்தால் போதும், ஊற்று எந்த மூலையில் இருக்கிறது, சேறு எவ்வளவு, மோட்டார் எத்தனை நேரம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். தப்பினது கிடையாது.

அதனால் போன பங்குனியில் கடலுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, எந்தக் கடல் என்கிற முடிவை நான் யாரிடமும் விடவில்லை.

பேச்சை ஆரம்பித்தது மருமகள். பேரப் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. என் மகன் கம்பெனிப் பொறுப்பை எடுத்ததில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகூட வீடு தங்கினவன் இல்லை.

"மாமா, ஒரு நாலு நாளு கடல் பக்கம் எங்காச்சும் போயிட்டு வரலாமுங்களா? இவரு நிம்மதியாத் தூங்கி வெகுநாள் ஆச்சுங்க" என்றாள்.

மகன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவன் அப்படித்தான். படிக்கிற படிப்பு, கட்டுகிற பெண், வாங்குகிற காரின் நிறம், எதுவாக இருந்தாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பான். நான் தலையாட்டினால்தான் அவன் வாய் திறக்கும். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மகன் யாருக்கு அமையும்? பேக்கரியில் டீ குடிக்கும்போது கூட்டாளிகளிடம் இதைச் சொல்லாத நாளே கிடையாது.

நான் தலையாட்டினேன். அவனும் சிரித்தான்.

மருமகள் போனை எடுத்துவந்து ஊர் ஊராகக் காட்டினாள். அவளுடைய அப்பா அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். மாற்றலாகி மாற்றலாகிக் கடலோர ஊர்களிலேயே பாதிக் காலம் இருந்தார். அவளும் அந்த மணலில் ஓடியாடி வளர்ந்தவள்தான். அவள் இருந்த ஊர் ஒன்றைக் காட்டி, "இங்க அலை ஒரே சீரா வந்து ஒடையுமுங்க. புள்ளைங்க கரையோரமாக் குளிக்கலாம்" என்றாள். போனுக்குள் வெள்ளை வெள்ளையாக அலை விழுந்துகொண்டே இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இப்படிக் குதித்தால் அந்தக் கிணற்றுக்குள் ஆளை இறக்குவோமா?

"கன்னியாகுமரி போலாமுங்களா?" என்றாள்.

"பூராப் பாறை. விழுந்தா மண்டை போயிரும்."

"ராமேஸ்வரம்?"

இதற்கு என் வீட்டுக்காரி குறுக்கே வந்தாள். "அங்க திதி குடுக்கப் போவாங்க அம்மணி. லீவுக்குப் போற ஊராக்கும் அது?"

கடைசியில் நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாடு வாங்கப் போனால்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நான் வாங்கினதில்லை. கடலைப் போனில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதா?

வீட்டுக்காரியைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலக்காட்டு வழியாகக் கேரளாவுக்குப் போனேன். நமக்குப் பக்கத்துக் கடல் அதுதான். டிக்கியில் நாலைந்து தேங்காய் மட்டையும் போட்டுக்கொண்டேன். எதுக்குங்க இது என்று கேட்டாள். பாரு என்றேன். எந்தக் கடற்கரைக்குப் போனாலும் ஒரு மட்டையைத் தண்ணீரில் வீசி எறிவேன். அலை அதைத் தூக்கிக் கொண்டுவந்து என் காலடியில் அடிக்கும். முதல் ஊரில் அடித்தது. அடுத்த ஊரிலும் அடித்தது. ஒரு மட்டையையே இப்படித் தூக்கி அடிக்கிற தண்ணீர் ஆளை என்ன செய்யும் என்று அந்த ஊர்களை எல்லாம் தள்ளிவிட்டேன். படிக்காதவன் செய்கிற சோதனை எப்படி இருக்கிறது பாருங்கள் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவதாக ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம். ஊரின் மேல் குற்றமில்லை. தென்னந்தோப்பைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். இரண்டு பக்கமும் அலை விழுந்து நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு லாரி திரும்புகிற அகலத்துக்குத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அலை அங்கே வரும்போது மட்டும் தலையைத் தாழ்த்திக்கொண்டு போய்விடும். நிறம் கொஞ்சம் கலங்கல். மற்றபடி நம்முடைய கிணறேதான்.

மட்டையை வீசினேன். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் மிதந்தது, அப்புறம் மெல்ல மெல்ல உள்ளே போய்ச் சின்னதாகி, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பார்த்தாயா, இந்தத் தண்ணீர் எதையும் தூக்கி அடிக்கவில்லை என்றேன்.

வீட்டுக்காரி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். வெயில் கொளுத்துகிறது, அவள் போர்த்திக்கொள்கிறாள்.

"ஏனுங்க, அந்தப் பக்கமும் சத்தம் போடுது, இந்தப் பக்கமும் சத்தம் போடுது. நடுவால இது மட்டும் ஏனுங்க இப்படிக் கம்முனு கெடக்குது?"

"கம்முனு கெடந்தா நல்லதுதான? எல்லாம் உன்னையாட்ட வாயடிக்கோணுமா?"

அவள் சிரிக்கவில்லை.

அங்கே வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்தேன். பாதி மலையாளம், பாதி தமிழ். "இதிலேதான் தோணி எறக்கும், சாரே. துடுப்பு வேண்டா. தானே போகும்" என்றார். துடுப்பே வேண்டாத அளவுக்குச் சாதுவான தண்ணீர். எனக்குத் திருப்தியாகிவிட்டது. அந்த அசையாத தண்ணீருக்கு நேர் எதிரிலேயே அறை சொல்லிவிட்டு ஊர் திரும்பினேன்.

அன்று பேக்கரியில் நான்தான் ராஜா. அலையில்லாத கடலைக் கண்டுபிடித்த கதையை இரண்டு டீ ஆறும்வரை சொன்னேன். கூட்டாளி ஒருத்தர், "ஏனுங்க, கடலுக்கே ஃபுட்வால்வு மாட்டிப்போட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது!" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஃபுட்வால்வு என்பது மோட்டார் குழாயின் அடியில், தண்ணீரை உறிஞ்சுகிற வாயில் மாட்டுகிற சாமான்.

வீட்டில் நான் எடுத்துவந்த வீடியோவை மருமகள் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கி விரலை வைத்துக்கொண்டு, "மாமா, இந்த எடத்துல நொரை எந்தப் பக்கமாப் போகுதுங்க?" என்று கேட்டாள்.

"நொரை எங்க போனா என்ன கண்ணு? அள்ளிக் குண்டாவுலயா ஊத்தப் போறோம்?"

மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எனக்கு அந்த எடம் என்னமோ சரியாப் படலீங்க மாமா" என்றாள் அவள்.

"நீ படிச்சது கம்ப்யூட்டரு. தண்ணி நான் படிச்சது" என்றேன்.

ராத்திரிச் சோறு ஆன பிறகு சமையலறையில் அவள் குரலைத் தாழ்த்தி அவனிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் பதில் மட்டும் எனக்குக் கேட்டது. "அப்பா பார்த்துட்டு வந்தாச்சு. அப்புறம் என்ன?"

ஒரு வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையில் எல்லோரும் மணலுக்கு வந்தோம். நான் வந்துபோன அன்றைக்கு இருந்ததைவிட இரண்டு பக்கத்து அலையும் உயரமாக விழுந்துகொண்டிருந்தது. நடுவில் என்னுடைய இடம் மட்டும் அப்படியே கிடந்தது, வாய் திறந்து தூங்குகிற ஆளைப் போல. பிள்ளைகளை மருமகள் கையை விட்டு நகர விடவில்லை. முதலில் பெரியவர்கள் இறங்கிப் பார்க்கட்டும் என்றாள். சரி என்று மகனிடம் கண் காட்டினேன்.

நீச்சலில் அவனைக் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு, படிமேல் நின்றுகொண்டு, "அங்க இங்க பாக்காத, நேரா என்னையப் பாத்து வா" என்று சொல்லியே பழக்கினேன். கிணற்றில் அதுதான் கணக்கு. படி இருக்கிற பக்கம்தான் கரை. மற்ற மூன்று பக்கமும் கல்.

அவன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு. மல்லாந்து மிதந்து, பிள்ளைகளைப் பார்த்து வாயால் தண்ணீரைப் பீய்ச்சினான். பிள்ளைகள் கெக்கலித்தார்கள். நான் முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். என் கணுக்காலுக்கு அடியில் மணல் அரித்துக்கொண்டு போவது தெரிந்தது. கடல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு தோணி நங்கூரம் போட்டு நின்றது. அவன் தலை அந்தத் தோணிக்கு நேராகப் போயிருந்தது. அவன் அவ்வளவு தூரம் நீந்தினதை நான் பார்க்கவே இல்லை. அவன் திரும்பிக் கரையைப் பார்த்துக் கைபோட ஆரம்பித்தான். நல்ல வீச்சு. நான் சொல்லித் தந்த வீச்சு. வீசினான், வீசினான், தோணிக்கு நேராகவே இருந்தான். அப்புறம் தோணிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

அவன் என்னைத்தான் பார்த்தான். வழக்கம்போல.

"நேரா வா சாமி! அங்க இங்க பாக்காத! என்னையப் பாத்து நேரா வா!" என்று கத்தினேன்.

வந்தான். நான் சொன்னபடியே வந்தான். அந்தத் தண்ணீருக்குள் என்ன இழுக்கிறதோ அதற்கு எதிராக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கை வீசினான். வீச்சு குறைந்துகொண்டே வந்தது. வாயளவுக்குத் தண்ணீர் ஏறியது.

பின்னால் வீட்டுக்காரி குழந்தைகளை இழுத்து அணைத்துக்கொள்வது தெரிந்தது. மருமகள் என்னைத் தாண்டி ஓடினாள். தண்ணீருக்குள் இல்லை, கரையோடு, இடது பக்கமாக, அலை வெள்ளையாக விழுந்து உடைகிற இடத்துக்கு. அங்கே நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணம் ஆன நாள் முதலாக எங்கள் முன்னால் அவன் பேரை அவள் சொன்னதே இல்லை. "இந்தப் பக்கம் வா! கரைக்கு வராத! குறுக்கால வா! அலைக்கு வா!"

அலைக்கு வரச் சொல்கிறாளே, பைத்தியமா என்று எனக்குப் பதறியது. "அங்க போகாத! நேரா வா!" என்று இன்னும் பலமாகக் கத்தினேன்.

அவன் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான். அந்த நேரத்தில் அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கம்பெனியில் நான் ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்லும்போது, சொல்லலாமா வேண்டாமா என்று நிற்பானே, அதே முகம்.

அப்புறம் அவன் முகத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொண்டான்.

குறுக்கே போனான். மெதுவாக, செத்த மாட்டைப் போல ஒருக்களித்துப் போனான். நான் கத்துவதை நிறுத்தவில்லை. அவன் கேட்கவில்லை. அலை விழுகிற இடத்துக்குப் போனதும் ஒரு அலை அவன் மேல் கவிழ்ந்து ஆளைக் காணவில்லை. எழுந்தான். இன்னொன்று கவிழ்ந்தது. மூன்றாவது அலை அவனைத் தூக்கிவந்து மணலில் அடித்தது. மட்டையை அடித்தது போலவே.

மருமகள் அவனைக் குப்புறப் புரட்டி முதுகில் தட்டினாள். உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கண் திறந்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் என் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

சாயங்காலம் அவன் தூங்கினான். அவனுக்குத் தூக்கம் வேண்டும் என்றுதானே வந்தோம். நான் ஜன்னலில் நின்று என்னுடைய இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பக்கமும் அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் அத்தனையும் திரும்பிப் போக ஒரு வழி வேண்டாமா? அந்த வழிதான் அது. நான் தேடிப் பிடித்தது கடலின் ஃபுட்வால்வை. மோட்டார் ஓடும்போது குழாய்க்கு மேலே தண்ணீர் சாதுவாகத்தான் தெரியும், அங்கே காலை விடாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். வலை உதறினவர் சொன்னார், தானே போகும் என்று. மட்டை சொன்னது. நான் கேட்டேன், பார்த்தேன், எல்லாவற்றுக்கும் நல்ல அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

மருமகள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாமா, காப்பி எடுத்துக்குங்க" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். பேச்சில் என்னை யாரும் ஜெயித்தது கிடையாது.

கம்பெனியில் இப்போதும் அவன் மரியாதைக்குக் குறைவில்லை. நான் உள்ளே போனால் எழுந்து நிற்கிறான். ஆனால் நான் ஒன்று சொன்னால், ஒரு நொடி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிச் சுவரைப் பார்க்கிறான். அப்புறம்தான் சரிங்கப்பா என்கிறான். சில நாள் அந்தச் "சரிங்கப்பா" வருவதில்லை. அவன் திரும்பும்போதெல்லாம் எனக்கு அந்தத் தலை தண்ணீருக்குமேல் தெரிகிறது.

போன வாரம் இந்த வருஷத்து லீவுக்கு எந்தக் கடல் என்று கூடத்தில் பேச்சு நடந்தது. மருமகள் ஒரு ஊர் சொன்னாள், மகன் வேறொரு ஊர் சொன்னான், பிள்ளைகள் நடுவில் புகுந்து கத்தினார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு ஊர் தெரியும், நல்ல ஊர்தான். வாய்வரை வந்தது. நான் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடற்கரையில் தண்ணீரைப் பார்த்தாளே, அதே பார்வை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏனுங்க, அவங்கெல்லாம் இத்தனை சத்தம் போடறாங்க. நீங்க மட்டும் ஏனுங்க இப்படிக் கம்முனு இருக்கறீங்க?"