வண்ணாந்துறையில் விழுந்த படம்

பக்கத்து வீட்டில் இன்று சன்னல்களுக்குச் சாயம் அடிக்கிறார்கள். டர்பண்டைன் வாடை என் அறைவரை வந்துவிட்டது. மருமகள் கதவைச் சாத்தப் போனாள், வேண்டாம் என்றேன். அந்த வாடை வந்தால் எனக்கு முனியம்மா அக்காவின் நினைவு வந்துவிடும். வரட்டுமே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பினாங்கில், சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடையில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. சீமையிலிருந்து வந்த பெட்டியொன்றில் பிரெஞ்சு ஓவியர்களின் வண்ணப் படங்கள் அச்சிட்ட புத்தகம் இருந்தது. ஆறு ஊதா, மரம் சிவப்பு, வானம் மஞ்சள். தூரிகை பட்ட இடமெல்லாம் சாயம் தடிப்பாக நின்றது. அந்தப் பாணிக்குப் போஸ்ட் இம்ப்ரெஷனிசம் என்று பெயராம். அதைச் சரியாக உச்சரிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அதற்குள் நானும் ஓர் ஓவியன் என்று முடிவு கட்டிவிட்டேன். வயது அப்படி.

எண்ணெய்ச் சாயக் குழாய்களையும் சாயம் கரைக்கும் டர்பண்டைன் புட்டியையும் படம் தாங்கும் முக்காலியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரைக்குப் போவேன். அங்கே நம்மவர்களின் வண்ணாந்துறை இருந்தது. கல்லில் துணி அறையும் சத்தம், சவுக்காரக் காரம். நான் ஆற்றை ஊதாவாகத் தீட்டுவதைப் பார்த்துச் சலவைக்காரர் ரெங்கசாமி, "தண்ணிக்கு உடம்பு சரியில்லையா தம்பி?" என்பார்.

அவர் மனைவி முனியம்மா அக்கா சிரிக்கமாட்டார். "சாயங்காலம் அப்படித்தான் இருக்கும். குனிஞ்சே நிக்கிறீங்க, உங்களுக்கு எங்க தெரியப்போவுது" என்று புருஷனை அடக்கினார். என் படத்தைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. கடையில் இருந்தவர்கள் சொன்னதை விட்டுவிடுகிறேன்.

ஒரு ஞாயிறு, நல்ல காற்று. துணிகள் படபடப்பதைக் கிட்டே இருந்து தீட்டலாம் என்று அவற்றின் நடுவிலேயே முக்காலியை ஊன்றினேன். ஒரே வீச்சு. ஒரு வெள்ளைக்காரத் துரையம்மா வீட்டிலிருந்து வெளுக்க வந்து புல்லில் விரித்திருந்த வெள்ளை மேசைவிரிப்பின்மேல் படம் குப்புற விழுந்தது. தூக்கிப் பார்த்தால், என் சிவப்பு மரம் விரிப்பில் இருந்தது.

ரெங்கசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு அந்தத் துரையம்மா வீட்டுல விருந்து லா. இது போனா அவங்க சொல்லி வர்ற நாலு வீடும் போச்சு."

"நானே போய் அவங்ககிட்ட சொல்லிடறேன் அக்கா" என்றேன்.

"சொன்னா கறை போயிடுமா? அந்த டர்பண்டைனை எடுங்க."

கத்தியின் முதுகால் சாயத்தை வழித்தார். அடியில் பழந்துணி வைத்து, நான் சொட்டுச் சொட்டாக ஊற்ற, அவர் ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்க்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "தேச்சா உள்ள இறங்கிடும்." பிறகு சவுக்காரம், வெந்நீர், வெயில்; மறுபடியும் முதலிலிருந்து. பொழுது சாயும் வேளையில் விரிப்பை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். வெள்ளை. நான் அழுதுவிட்டேன்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க தம்பி." என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, எதிர்க்கரையைக் காட்டினார். "அங்க நின்னு வரைங்க."

அங்கிருந்து பார்த்தபோதுதான் ஆறு முழுசாகத் தெரிந்தது. வரிசை வரிசையாக வெள்ளைத் துணி, அதன் கீழே ஊதாத் தண்ணீர், முழங்கால் ஆழத்தில் இரண்டு மனிதர்கள். நான் தீட்டியதில் தேறியது அந்த ஒன்றுதான். காய்ந்ததும் அவர்களிடமே கொடுத்தேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். ரெங்கசாமி அதில் தன்னைக் கண்டுபிடித்து, "எனக்கு மூக்கே வைக்கல லா" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினார்.

யுத்தம் வந்தது. நான் கெடா பக்கம் ஒதுங்கிப் பிழைத்துத் திரும்பியபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள். சயாம் ரயில் போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார் ஒருவர். இல்லை, ஈப்போ போய்விட்டார்கள் என்றார் இன்னொருவர். படத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

அக்காவிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நம் ஆட்களுக்கு அது சட்டென்று வாயில் வராதே. ஈப்போவுக்கு இரண்டு முறை போய், சலவைக்கடை சலவைக்கடையாக ஏறி, பினாங்கு முனியம்மா இருக்கிறாரா என்று விசாரித்தேன். மூன்று முனியம்மாக்கள் ஈரக்கையோடு வெளியே வந்து பார்த்தார்கள். அவர் இல்லை.