பெல்ட்டு தோற்ற மேடு

இது சத்தியமாக நடந்த கதை. வண்டி சீட் தைக்கும் என் கடையில் உட்கார்ந்தபடி இரண்டு கண்ணாலும் பார்த்தது. கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். சீட் துணியை இழுக்காமல் தைத்தால் சுருக்கம் விழும், கதையும் அப்படித்தான். வேலை முடியும்வரை காத்திருக்கும் ஆட்டோக்காரருக்கும் பெயிண்டருக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கடை மெக்கானிக்குக்குப் பெயர் பெல்ட்டு. இன்ஜின் பெல்ட்டை விரலால் சுண்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, "இன்னும் ஒரு மழை தாங்கும்" என்பார். தாங்கும். அவர் கால்சட்டையைப் பிடித்து நிறுத்துவதும் ஒரு பழைய ஃபேன் பெல்ட்தான். தன் கல்யாணத்தன்று வாசலில் ஏதோ கார் கீச்சிட, மணப்பெண்ணை விட்டுவிட்டு ஓடிப்போய் இறுக்கிவிட்டு, கரிக்கையோடு திரும்பி வந்தவர். அன்று அந்த அம்மா முறைத்த முறைப்பு இன்னும் முடியவில்லை.

அந்த அம்மா வேனில் தண்ணீர் கேன் போடுகிறவர். எங்கள் கடைகளுக்கு எதிரே ஏறும் மேட்டின் உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தினமும் காலையில் ஒரு லோடு. கேனோடு வேன் மேடு ஏறினால் நத்தை ஹாரன் அடித்து முந்திப் போகும். "இனியும் லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"சூப்பர்சார்ஜர் மாட்டிடலாம்" என்றார் பெல்ட்டு. இன்ஜினுக்குள் காற்றைத் திணித்துப் பலம் கூட்டும் ஊதி அது. "இன்ஜின் பெல்ட்டுலயே சுத்தும்."

அந்த அம்மாவின் தம்பி பேட்டரிக் கடைக்காரன். "இன்ஜின்கிட்டயே பிடுங்கி இன்ஜினுக்கே குடுக்கறதா மாமா? கரண்டுல சுத்தறதைப் போடுங்க. மிதிச்ச உடனே ஊதும்."

"ஒரு பலூன் ஊதறதுக்குள்ள உன் பேட்டரி படுத்துரும் மாப்ளே!"

"ரெண்டையும் மாட்டிப் பாருங்க" என்றார் அந்த அம்மா. "தோத்தவர் தினம் கேனைத் தூக்கி எறக்கணும்."

முதலில் பெல்ட். மேட்டடியில் ஒரு வேகத்தடை. வேன் அங்கே நின்று கிளம்ப, இன்ஜின் மெதுவாகச் சுற்றியது, பெல்ட்டும் மெதுவாகச் சுற்றியது, ஊதியோ கொட்டாவிதான் விட்டது. பாதி மேட்டுக்கு மேல்தான் உறுமி எழுந்தது. அதற்குள் வளைவு வந்து மறுபடி முனகல். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் லேட்.

அடுத்து கரண்டு. மிதித்ததும் பாய்ந்த பாய்ச்சலில் வேனின் நிழல் பின்தங்கிவிட்டது. தம்பி நடுரோட்டில் ஆடினான்.

"இப்பவே இன்னொரு தடவை ஏத்தச் சொல்லு!" என்றார் பெல்ட்டு.

ஏற்றினார்கள். பாதியில் பேட்டரி காலி. வேன் திணறி நிற்க, பின்கதவு திறந்து கேன்கள் தெருவில் உருண்டன. ஒன்று நேராக வந்து நான் புதிதாகத் தைத்த சீட்டில் உட்கார்ந்தது.

"பாத்தியா? பாத்தியா?" பெல்ட்டு குதித்த குதியில் இடுப்பு பெல்ட் அறுந்தது. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் குதித்தார்.

"ஏங்க, நான் ஒரு தடவைதானே ஏறுறேன்?" என்றார் அந்த அம்மா. "மத்த தெருவெல்லாம் சுத்தி வர்றதுக்குள்ள பேட்டரி தானா ஏறிடும். எறங்கறதுக்கு எதுக்கு ஊதல்?"

கரண்டு ஊதியே வேனில் நின்றது, ஆஸ்பத்திரி லோடும் தப்பியது. மறுநாள் காலை, தோற்ற பெல்ட்டு கேனில் கை வைக்கும் முன் மச்சானை இன்ஜின் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"பேட்டரி எப்படிடா ஏறுது?"

"டைனமோ ஏத்துது மாமா."

"டைனமோவை எது சுத்துது?"

தம்பி தலையைச் சொறிந்தான். பெல்ட்டு விரலால் சுண்டினார். டொய்ங்!

"பெல்ட்டுடா மாப்ளே! ஜெயிச்சது யாரு?"

அந்த அம்மா முறைப்பை மறந்து சிரித்துவிட்டார். "அது சரி, இப்ப கேனை யாரு தூக்கறது?"

"மெக்கானிக்தான்! தோத்தா தோத்ததுதான்" என்றார் இதுவரை கதை கேட்டுக்கொண்டிருந்த பெயிண்டர்.

"எப்படிய்யா? பெல்ட் இல்லேன்னா கரண்டு ஏது?" ஆட்டோக்காரர் எழுந்தேவிட்டார்.

"அப்போ பெட்ரோல் ஊத்தினவனையும் தூக்கச் சொல்லுவியா?"

"யாரைப் பாத்து வா போங்கறே?"

"யோவ், சண்டையைத் தெருவுல வெச்சுக்குங்க! நீ மிதிக்கறது நான் நேத்து தைச்ச சீட்டுய்யா!"