வலிக்கிறது என்று சொல்ல வைத்தவர்

நர்ஸ் ஞானம்மாள் பொள்ளாச்சியில் தம் தங்கை வீட்டில் காலமாகிவிட்டார் என்று, அங்கிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர் சொன்னார். அப்போது நான் குழந்தைகள் வார்டுக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். என் கை தன்பாட்டுக்குத் தேனை எடுத்து ஊற்றியது.

அந்தத் தேனுக்காக என்னோடு மல்லுக்கு நின்றவர் அவர்தான். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்பான கொயினா மருந்தைக் குடிக்கப் பிள்ளைகள் படும் பாட்டைச் சொல்லி, தேன் கலக்கச் சொல்வார். இது ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா என்று நான் எரிந்து விழுவேன். "ஒரு முழுங்கு குடிச்சுப்போட்டு அப்புறம் பேசுங்க கம்பவுண்டரே" என்றார் ஒரு நாள். வீம்புக்குக் குடித்தேன். மறுநாளே தேன் வாங்கி வைத்தேன்.

நம் பக்கத்துப் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் கேட்டால், உயிர் போகிற வலியிலும் 'பரவாயில்லீங்க' என்றுதான் சொல்லும். ஊரே மெச்சுகிற அந்த மரியாதையைக் கண்டால் ஞானம்மாளுக்கு மட்டும் பயம்.

கோபிப் பக்கத்திலிருந்து வேலாத்தாள் என்றொரு சிறுமி, தொடையில் கட்டியோடு வந்திருந்தாள். கட்டியை அறுத்தாயிற்று, காய்ச்சலும் இறங்கியிருந்தது. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லீங்க என்றாள். அப்படியானால் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கட்டில் கிடைக்காத பிள்ளைகள் வராந்தாவில் படுத்துக் கிடந்தன. தகப்பனாரும் மூட்டையைக் கட்டிவிட்டார். ஊரில் அவர் மனைவி பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு தனியாக இருந்தாள்.

ஞானம்மாள் கட்டிலை விட்டு நகரவில்லை. அந்தப் பெண் காலை நீட்டுவதே இல்லை, நீட்டச் சொன்னால் சிரித்து மழுப்புகிறாள் என்றார். பிள்ளையே வலி இல்லை என்கிறது, உனக்கென்ன என்று டாக்டர் அதட்டினார். மருந்துத் தட்டோடு நின்ற எனக்கு, இந்த அம்மாளின் வேலையே போய்விடுமோ என்று கவலை. அவரோ தரையில் உட்கார்ந்து சிறுமியின் முகத்துக்கு நேராகப் பேசினார்.

"கண்ணு, வலிக்குதுன்னு சொல்றது மரியாதைக் குறைச்சல் இல்லை. யாரும் வைய மாட்டாங்க."

அவள் தகப்பனாரைப் பார்த்தாள். அவர் மூட்டையைக் கீழே வைத்தார்.

"சொல்லு அம்மணி."

"வலிக்குதுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள், தேம்பித் தேம்பி.

எலும்பை ஒட்டிச் சீழ் தேங்கியிருந்தது. டாக்டர் அன்றே மறுபடி அறுத்துச் சுத்தம் செய்தார். ஊருக்குப் போயிருந்தால் கால் போயிருக்கும், உயிரும் போயிருக்கும் என்று பிறகு அவரே ஞானம்மாளிடம் சொன்னார். "பிள்ளைககிட்ட கேட்டுப்போட்டு உடனே திரும்பிடாதீங்கய்யா. கொஞ்சம் நில்லுங்க" என்றார் இந்த அம்மாள். அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான். கேட்டுவிட்டு நிற்பேன்.

அடக்கத்துக்குப் போனேன். வேலாத்தாளும் வந்திருந்தாள், தாவணி போட்ட பெண்ணாக, கல்லறைத் தோட்டம் வரை தன் காலால் நடந்து. நல்லா இருக்கீங்களாங்க என்று என்னைக் கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

அவள் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

"இல்லை அம்மணி," என்றேன். "தாங்க முடியலை."